சேற்றுக்கா, தாருக்கா? கோலா கிளாவாங் மலைப்பாதையில் நான்கு டயர்கள்

சிரம்பானிலிருந்து கோலா கிளாவாங் ஏறக்குறைய 40 கிலோமீட்டர்தான். பந்தாய் தாண்டி, ஜெராம் தோய் நீர்வீழ்ச்சியைக் கடந்து, சாலை புக்கிட் தங்காவில் ஏறத் தொடங்கியதும் பேச்சு தானாகக் குறைந்துவிடும். 'தங்கா' என்றால் மலாயில் படிக்கட்டு. பெயர் வைத்தவர்கள் மிகைப்படுத்தவில்லை. வளைவுக்குப் பின் வளைவு, இரு பக்கமும் காடு, மாலையானால் மழை.

அன்று அந்த மழையில்தான் எங்கள் வண்டியின் பின்பக்கம் வழுக்கியது.

ஓட்டியவர் என் அக்கா வீட்டுக்காரர். மாமாவுக்கு முப்பது வருட அனுபவம். வேகமும் இல்லை. ஒரு இறக்க வளைவில் பிரேக்கைத் தொட்டார், ஹைலக்ஸின் வால் ஒரு முழம் வெளியே போய்த் திரும்பி வந்தது. எதிரே லோரி ஏதும் வரவில்லை. பின் இருக்கையில் அக்கா மடியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். கீழே இறங்கி கோலா கிளாவாங் பட்டணத்துக்குள் நுழையும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"டயர் மாத்துற நேரம் வந்திருச்சி மாப்பிள்ளை" என்றார் மாமா, வண்டியை நிறுத்திய பிறகு.

அவர் போட்டிருந்தது 'எம்டி' என்று கடைகளில் சொல்லும் சேற்று டயர். பெரிய பெரிய ரப்பர் கட்டிகள், நடுவே அகலமான பள்ளங்கள். சேறு அந்தப் பள்ளத்தில் அடைந்து, சக்கரம் சுழலும்போது வெளியே வீசப்படும். அடுத்த சுற்றில் கட்டி மறுபடியும் மண்ணைக் கவ்வும். அதுதான் அதன் வித்தை. ஆனால் பள்ளம் அகலமாக இருப்பதால் தாரைத் தொடும் ரப்பர் குறைவு. கட்டிகளின் மேலுள்ள நுண்ணிய கீறல்களும் குறைவு. ஈரச் சாலையில் பிடிப்பைத் தருவது அந்தக் கீறல்கள்தான். போதாததற்குப் பிக்கப் காலியாகப் போகும்போது பின்பக்கத்தில் கனமே கிடையாது. எங்கள் வால் ஆடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அப்படியானால் எம்டியைத் தூக்கிப் போட வேண்டியதுதானே? நானும் அப்படித்தான் நினைத்தேன், மறுநாள் காலை தோட்டத்துக்குப் போகும்வரை.

மாமா சிறுதோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றிச் சேகரிப்பு மையத்தில் இறக்குபவர். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேர்ப்பது நல்லது. கிடக்கக் கிடக்க எண்ணெயில் அமிலம் கூடும், தரம் இறங்கும். இரவு மழையில் செம்மண் பாதை சோப்புக்கட்டி போல் ஆகியிருந்தது. பாதித் தேய்ந்த அதே டயர்கள், பாரத்தோடு, அந்த மேட்டில் முனகிக்கொண்டே ஏறின. பின்னால் வந்த பக்கத்துத் தோட்டத்துத் தம்பியின் பிக்கப்பில் சாதாரணச் சாலை டயர். இரண்டு முறை முயன்று, கடைசியில் டிராக்டருக்காகக் காத்து நின்றார்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது 'ஏடி', அதாவது எல்லா நிலத்துக்குமான டயர். கட்டிகள் நெருக்கம், கீறல்கள் அதிகம், இரைச்சல் குறைவு, பொதுவாக எம்டியைவிட நாள்பட உழைக்கும். ஆழமான களிமண்ணில் மட்டும் பள்ளம் சீக்கிரம் அடைத்து, டயர் வழவழவென்று உருளையாகிவிடும்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். வாரத்தில் எத்தனை நடை மலை ஏறி சிரம்பான், எத்தனை நடை தோட்டம். தோட்டத்துக்குள் ஓடுவது ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். மற்றதெல்லாம் தார். பேத்தியை மருத்துவமனைக்குக் கொண்டுபோவதும் அந்தத் தாரில்தான். நான்கு டயர் என்றால் அவருடைய ஒரு மாதச் சம்பாத்தியம் போய்விடும். தவறாக வாங்கினால் திருப்பிக் கொடுக்க முடியாது.

தீத்தி பக்கம் கம்போங் சென்னா வழியாக லாத்தா கீஜாங் நீர்வீழ்ச்சிக்கும் கெனாபோய் காட்டுக்கும் ஆட்களை ஏற்றிப் போகும் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்களுக்கு எம்டிதான் சோறு போடுகிறது. அழகுக்காக எம்டி மாட்டிக்கொண்டு பேரங்காடி வாசலில் நிறுத்துபவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

மாமா ஏடி என்று முடிவு செய்தார். கூடவே ஒரு சின்னக் காற்றுப் பம்பும் அழுத்தம் பார்க்கும் மானியும். சேற்றில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் டயர் அகலமாகப் படிந்து பிடிக்கும். ஆனால் பாரம் ஏற்றும் முன்பும் தார் ஏறும் முன்பும் மறுபடி நிரப்பியாக வேண்டும். மறந்தால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும்.

கடையில் நான் செய்த ஒரே உதவி, பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்துச் சொன்னதுதான். 2324 என்றிருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. சுமைக் குறியீட்டையும் பார்த்தோம். குலை ஏற்றும் வண்டிக்கு அது குறையக் கூடாது.

கடைப் பையன் பழைய டயர்களை உருட்டிக்கொண்டு போனபோது மாமா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய அம்மா இதே ஜெலுபு வட்டாரத்தில் பால் மரம் வெட்டியவர். கனரக டயர்களில் இன்னும் இயற்கை ரப்பர் கணிசமாகச் சேர்கிறது. "அம்மா வெட்டுன பால் எந்த ஊரு ரோட்டுல தேஞ்சதோ" என்றார்.

திரும்பும்போது புக்கிட் தங்காவில் மறுபடி மழை. அதே வளைவு வந்ததும் அக்கா முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டார். வண்டி நேராக இறங்கியது. எம்டியின் 'ஊ' என்ற இரைச்சல் இல்லாததால், பேத்தி குறட்டை விடுவது முதல் முறையாகக் கேட்டது.