பரணிலிருந்து இறங்கிய பேஸ் கிட்டார்



2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் நமது மணலிக்குள் புகுந்த நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். போதகர் இல்லத்திலும் முழங்காலளவு தண்ணீர் நின்றது. சபைப் பதிவேடுகளைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தபோது, மூலையில் கிடந்த நீண்ட கறுப்புப் பெட்டியொன்று என் கையில் தட்டுப்பட்டது. இடமாற்றம் வரும்போதெல்லாம் ஒரு பரணிலிருந்து மறுபரணுக்குப் போய்க்கொண்டிருந்த பெட்டி அது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக நான் அதைத் திறக்கவேயில்லை.

உள்ளே இருந்தது என்னுடைய பேஸ் கிட்டார். 1989-ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயரவிருந்த பெரம்பூர் ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவரிடம் அதைத் தவணை முறையில் வாங்கினேன். இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனிக்குரலாகவே நடமாடிய காலம் அது. வானொலியருகே அமர்ந்து சுரம் சுரமாகத் தேடிப் பழகுவேன். ஞாயிறு ஆராதனையில் அந்த விரல்களே கீர்த்தனைகளுக்கு அடித்தளம் போடும்.

இறையியல் கல்லூரியில் பட்டம் பெற்று ஊழியத்துக்கு வந்தபின் அதை மூடிவைத்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அது போதகருக்குத் தகாது என்று நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன். பின்பு அதே தீர்ப்பைப் பிறர்மேலும் சுமத்தினேன். முன்பு நான் ஊழியம் செய்த சபையில் ஒரு வாலிபன், ஆராதனையில் பேஸ் வாசிக்க அனுமதி கேட்டான். “தம்பி, இது கச்சேரி மேடையல்ல” என்று அனுப்பிவிட்டேன். அவன் வாதாடவில்லை, கடைசி வரிசைக்குப் போய் அமர்ந்தான். சில மாதங்களில் அந்த வரிசையிலும் அவனைக் காணவில்லை.

தண்ணீர் வடிந்தபின், திருவொற்றியூரில் ஒலிபெருக்கி பழுதுபார்க்கும் சகோதரர் ஒருவரிடம் கிட்டாரை எடுத்துச் சென்றேன். கம்பிகள் துருவேறியிருந்தன, ஒலியளவைக் கூட்டும் திருகைத் திருப்பினால் கரகரத்தது, கழுத்து சற்றே வளைந்திருந்தது. அவர் திருகைச் சுத்தம் செய்து, அறுந்த இணைப்பைப் பற்றவைத்தார். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை முடுக்கி வளைவை நிமிர்த்தினார். இக்கருவிக்கு வயிறு இல்லை. எஃகுக் கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னலையாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. ஆளுயர டபுள் பேஸைச் சுமந்து திரிந்த கலைஞர்களுக்கு, தோளில் மாட்டிக்கொள்ளும் இக்கருவியை 1951-இல் சந்தைக்குக் கொண்டுவந்து பரவலாக்கியவர் அமெரிக்கரான லியோ ஃபெண்டர்.

அன்றிரவு தடித்த கம்பியை மீட்டினேன். அது வினாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. கன்டெய்னர் லாரி கடக்கும்போது நம் வீட்டு ஜன்னல்கள் அதிருமே, அதுபோல அந்த ஒலி காதுக்கு முன்பே நெஞ்சுக்கு எட்டியது. விரல்கள் தடுமாறின, நுனிகள் கொப்பளித்தன. ஆயினும் ஒரு கீர்த்தனையை முடித்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றிருந்த என் மனைவி, “இப்படிச் சிரிச்சு எத்தனை நாளாச்சு!” என்றாள். பிரசங்கங்களை ஆயத்தம் செய்வதிலும் கூட்டங்களை நடத்துவதிலும் நான் குறைவைக்கவில்லை. ஆனால் மகிழ்ச்சி என்னைவிட்டு எப்போது போயிற்று என்பதை நான் கவனிக்கவேயில்லை.

ஆறாம், பன்னிரண்டாம் சங்கீதங்களின் தலைப்பில் ‘செமினீத்’ என்றொரு சொல் உண்டு. எபிரெய மொழியில் அதற்கு ‘எட்டாவது’ என்று பொருள். அது தாழ்ந்த ஸ்தாயியைக் குறிக்கலாம் என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. 1 நாளாகமம் 15-ஆம் அதிகாரத்தில், உடன்படிக்கைப் பெட்டி எருசலேமுக்கு வருகையில் அவ்வாறு வாசித்தவர்களின் பெயர்கள் வரிசையாக உள்ளன. அவர்களில் ஒருவன் ஓபேத்ஏதோம். அதே அதிகாரத்தில் அப்பெயர் வாசல் காவலாளரின் பட்டியலிலும் வருகிறது. வாசலில் நிற்பவனும் தாழ்ந்த ஸ்தாயியில் வாசிப்பவனும் பார்வைக்குப் படாதவர்கள். கர்த்தரோ அவர்களைப் பெயர்சொல்லி எழுதிவைத்திருக்கிறார். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் பேஸின் தாழ்ந்த ஒலியை எழுப்ப இயலாது. நம் ஆராதனையைக் கைபேசியில் கேட்கிறவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. உள்ளே அமர்ந்திருப்பவர்களோ, அது நின்றுவிட்டால் பாட்டு மெலிந்ததை உடனே உணர்வார்கள். நான் ஆலயத்தைவிட்டு அனுப்பியது அப்படிப்பட்ட ஒருவனை.

அவனைத் தேடிப் போனேன். எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் வேலை செய்கிறான். மன்னிப்புக் கேட்டேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ஐயா, உங்களுக்கு வாசிக்கத் தெரியும்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே” என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் வருகிறான். என் கிட்டாரில் அவன் வாசிக்கிறான், நான் கேட்கிறேன். ஞாயிறு ஆராதனைக்கு இன்னும் வரவில்லை. நான் அவனை அவசரப்படுத்தவில்லை. அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பிரியமானவர்களே, தேவன் கொடுத்த எந்த மகிழ்ச்சியை நீங்கள் பரண்மேல் ஏற்றிவைத்திருக்கிறீர்கள்? அந்தக் கண்டிப்பினால் யாரைக் கடைசி வரிசைக்கு அனுப்பினீர்கள்? இந்த வாரம் அந்தப் பெட்டியைத் திறவுங்கள். அந்த மனிதரின் வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

அன்பின் பரம தகப்பனே, நாங்கள் மூடிவைத்தவற்றைத் திறக்கவும், விலக்கி அனுப்பியவர்களைத் தேடிப் போகவும் எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.