பார்வை நூல்கள்

மதியம் 12.30க்கு மணி அடித்தால் எங்கள் கல்லூரி நூலகம் பத்தே நிமிடத்தில் காலியாகிவிடும். 2023 ஜூலையில் ஒரு பெண் மட்டும் போகாமல் இருந்தாள். இளங்கலைத் தமிழ், மூன்றாம் ஆண்டு. கடைசி மேசையில் உட்கார்ந்து ஒரு நீளமான நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பாள். முதல் வாரம், கையெழுத்து அழகாக இருக்கிறதே என்று நினைத்தபடி கடந்து போனேன். இரண்டாவது வாரம்தான் நின்று பார்த்தேன். அவள் குறிப்பு எடுக்கவில்லை. ஒரு நாவலை முதல் பக்கத்திலிருந்து வரிக்கு வரி பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் எழுதி 1936இல் வெளியான ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’.

“எதுக்கும்மா கை வலிக்க எழுதுற? சாயங்காலம் ஓவர்நைட்ல எடுத்துட்டுப் போகலாமே?” என்றேன்.

“பஸ் போயிரும் மேம்” என்றாள். நிமிரக்கூட இல்லை.

ஓவர்நைட் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பாடத்துக்கு ஐம்பது பேர் படிப்பார்கள். நூல் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். அதை ஒருவருக்குப் பதினைந்து நாள் கொடுத்துவிட்டால் மற்றவர்கள் என்ன செய்வார்கள்? அதனால் பகலில் அந்த நூல் நூலகத்தை விட்டு வெளியே போகாது. மாலை 4.30க்குக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். மறுநாள் காலை 9.30க்குத் திருப்பித் தர வேண்டும். எல்லோருக்கும் ஒரே விதி. அந்த விதியை எழுதியவள் நான். நியாயமான விதி என்று பல வருடங்களாகப் பெருமைப்பட்டுக்கொண்டும் இருந்தேன்.

எங்கள் கல்லூரியில் வகுப்பு முடிவது 3.30க்கு. அவள் ஊருக்குப் போகும் டவுன் பஸ் 3.50க்கு. அதை விட்டால் 6.15க்கு. அதில் போனால் இறங்கும்போது இருட்டிவிடும். நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்தை நம்பித்தான் அவளைப் போன்ற பலர் கல்லூரிக்கே வருகிறார்கள். புத்தகம் வெளியே வரும் நேரத்தில் அவர்கள் பாதி வழி போயிருப்பார்கள்.

அன்று மாலை ஓவர்நைட் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த வகுப்பில் 54 பேர். அதில் 38 பேர் பெண்கள். அந்தப் பருவத்துப் பக்கங்களில் ஐந்து பெயர்களே திரும்பத் திரும்ப இருந்தன. ஐவரும் ஆண்கள். மூன்று பேர் விடுதியில் இருப்பவர்கள், இரண்டு பேரிடம் பைக் இருந்தது. அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. நான் தினமும் சரிபார்த்து முத்திரை வைத்த பதிவேடு அது. கணக்கு சரியாக இருக்கிறதா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். யாருடைய பெயர் இல்லை என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

ஒரு பாடத்தின் பார்வை நூல் பட்டியல் எப்படி நூலகத்துக்கு வருகிறது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. உண்மையில் அது வருவதே இல்லை. பாடத்திட்டக் குழு கூடும். பாடங்களை முடிவு செய்யும். கடைசியில் ‘பார்வை நூல்கள்’ என்று ஒரு பட்டியல் சேரும். பல்கலைக்கழக இணையதளத்தில் பிடிஎஃப் ஏறும். அந்தக் கூட்டத்தில் எங்கள் நூலகத்துக்கு நாற்காலி கிடையாது. பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்றே டாலிஸ், லெகான்டோ போன்ற மென்பொருள்கள் உண்டு. ஆசிரியர் அதில் பட்டியலைப் போடுவார். நூலகம் மாணவர் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரதிகள் வாங்கும். நானோ பிடிஎஃப்பைத் தேடி எடுத்து, எக்செல்லில் ஒவ்வொரு வரியாகத் தட்டச்சு செய்து, அலமாரியோடு ஒப்பிடுவேன்.

பெண் எழுத்து குறித்த அந்த விருப்பப் பாடத்துக்கு 21 நூல்கள் குறித்திருந்தார்கள். பாமாவின் ‘கருக்கு’ இருந்தது. பல நூல்களுக்கு ஆண்டு இல்லை, பதிப்பகம் இல்லை. 21இல் எங்களிடம் இருந்தவை 9. கடையில் கிடைத்தவை 7. மீதி 5 பதிப்பிலேயே இல்லை. அந்த ஏழுக்கு விலைப்பட்டியல் கேட்டால் சப்ளையர் நான்குக்குத்தான் கொடுத்தார். மற்ற மூன்றும் சிறு பதிப்பகத்தார் வெளியிட்டவை. அவர்கள் தரும் கழிவு அவருக்குக் கட்டுப்படியாகாது. கொள்முதல் குழுவில் ஒருவர், “மார்க்குக்குப் படிக்கிற பிள்ளைங்க மேடம், ரெண்டு கைடு வாங்கிப் போடுங்க, போதும்” என்றார். பட்டியலில் பெண்களின் பெயர்கள் இருந்தன. அலமாரியில் கைடுகள் சேர்ந்தன.

இராமாமிர்தம் அம்மையாரின் நாவல் அந்த ஒன்பதில்கூட முதலில் இல்லை. கணினியில் தேடியபோது கிடைக்கவில்லை. ‘இல்லை’ என்றே எக்செல்லில் குறித்திருந்தேன். பழைய பதிவேடுகளிலிருந்து கோஹா மென்பொருளுக்கு மாறியபோது அம்மையாரின் நாவலை லா.ச. ராமாமிர்தத்தின் நூல்களோடு சேர்த்து ஏற்றியிருக்கிறோம். தலைப்பிலும் ஓர் எழுத்துப் பிழை. ஒரு பெண்ணின் நூல் பல வருடங்களாக ஓர் ஆண் எழுத்தாளரின் பெயருக்குக் கீழே கிடந்திருக்கிறது. அந்த வேலையை மேற்பார்த்ததும் நான்தான். அந்த மாணவிக்கு நூலை எடுத்துக் கொடுத்தவர் எங்கள் அட்டெண்டர் அக்கா. அலமாரியைத் துடைக்கிறவருக்கு எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று கணினியைவிட நன்றாகத் தெரியும்.

நூலக அறிவியல் படித்த எவரும் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றவர் அவர். 1931இல் அந்த விதிகளை நூலாக வெளியிட்டார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது விதி. அதை விளக்கும் இடத்தில் ஆண் பெண் என்ற பேதத்தையும், நகரத்தார் கிராமத்தார் என்ற பேதத்தையும் தனித்தனியாக எடுத்துப் பேசுகிறார். தேர்வுக்காக இதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவள் நான். கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண் என் எதிரே உட்கார்ந்து நாவலைப் பார்த்து எழுதியபோது அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

இத்தனைக்கும் நானே அப்படிப் படித்தவள். முதுகலை படிக்கும்போது அப்பா நான்கு மணிக்குக் கல்லூரி வாசலில் சைக்கிளோடு நிற்பார். துறை நூலகத்தைத் திறப்பதே நான்கு மணிக்கு. இரண்டு வருடத்தில் அந்த அறைக்குள் நான் போனது நாலைந்து முறை இருக்கலாம். தோழர்களின் நோட்டை வாங்கிப் பார்த்தே தேர்வு எழுதினேன். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நாற்காலி கிடைத்ததும் அந்தப் பக்கம் நின்றது மறந்துபோயிற்று.

மறுநாள் அவளிடம், “ஜெராக்ஸ் எடுத்துக்கலாமே?” என்றேன். புத்தகம் முழுவதையும் ஜெராக்ஸ் எடுக்கக் கூடாது என்று கவுன்ட்டரில் எழுதி ஒட்டியிருக்கிறதே என்றாள். அதையும் ஒட்டியது நான்தான்.

உட்கார்ந்து சட்டத்தைப் படித்தேன். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. அம்மையார் இறந்தது 1962இல். அப்படியென்றால் 2023 பிறந்ததுமே அந்த நாவலை யார் வேண்டுமானாலும் படி எடுக்கலாம். பின்னாளில் வேறொருவர் எழுதிய முன்னுரையை மட்டும் விட்டுவிட்டால் போதும். உரிமை உள்ள நூல்களுக்கும் வழி இருந்தது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடத் தொகுப்புகளை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்த கடையின் மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. கற்பித்தலுக்காகப் படி எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது என்று சொல்லி, 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் மேல்முறையீட்டு அமர்வும் பாடத்துக்குத் தேவையான அளவு படி எடுக்கலாம் என்றது. 2017இல் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. இது நடந்து ஆறு வருடம் கழித்தும் என் கவுன்ட்டரில் அந்த அறிவிப்பு தொங்கிக்கொண்டிருந்தது.

அறிவிப்பைக் கிழித்தேன். நாவலை ஐந்து பிரதிகள் ஸ்பைரல் பைண்டிங் செய்தோம். மற்ற நூல்களிலிருந்து பாடத்துக்கு வேண்டிய இயல்களை மட்டும் எடுத்து ஒரு தொகுப்பு ஆக்கினோம். கோஹாவில் பாடத்தையும் அதன் நூல்களையும் இணைத்து வைக்கும் ‘கோர்ஸ் ரிசர்வ்ஸ்’ என்ற வசதி எப்போதும் இருந்தது. அதைத் திறந்து பாடத்தின் பெயரைப் போட்டு, நூல்களைச் சேர்த்து, அம்மையாரின் பெயரையும் திருத்தினேன்.

விதியை மாற்றுவதுதான் கஷ்டமாக இருந்தது. பஸ்ஸில் வருகிறவர்கள் 3.30க்கே எடுக்கலாம், வெள்ளிக்கிழமை எடுத்தால் திங்கள்கிழமை தரலாம் என்று எழுதிக் கொடுத்தேன். “பொண்ணுங்களுக்கு மட்டும் தனிச்சலுகையா?” என்று நூலகக் குழுவில் கேட்டார்கள். நான் எழுதிய தாளில் பெண் என்ற சொல்லே இல்லை. பஸ்ஸில் வரும் பையன்களும் எடுக்கலாம். இத்தனை நாள் விடுதிக்கும் பைக்குக்கும் இருந்தது சலுகை என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றியிருக்கவில்லையே. இரண்டு மாதம் இழுத்து, ‘சோதனை அடிப்படையில்’ என்று எழுதிக் கையெழுத்தானது.

ஸ்பைரல் போடக் கொடுப்பதற்கு முன்னால் அவள் வந்து தயங்கி நின்றாள். “மேம், எனக்குத் தர்ற காப்பில மட்டும் முதல் பக்கத்தைக் கடைசியில வச்சுக்கலாமா?”

“ஏம்மா?”

“அப்பா தலைப்பைப் பார்த்தா…”

தேவதாசி முறையின் துன்பத்தை அனுபவித்து, அதை ஒழிக்கக் கடைசிவரை போராடிய ஒரு பெண் வைத்த தலைப்பு அது. அதை ஏன் மறைக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அந்த வீட்டில் இருக்கப்போவது நான் இல்லை. ஒரு பிரதியில் மட்டும் தலைப்புப் பக்கத்தைக் கடைசியில் வைத்தோம்.

தீபாவளி முடிந்து திருப்பிக் கொடுக்க வந்தபோது அவளாகவே சொன்னாள். ராத்திரி சத்தமாகப் படித்தாளாம். அம்மா காய் நறுக்கிக்கொண்டே கேட்டாராம். யார் எழுதியது என்று அம்மா கேட்க, பெயரைச் சொன்னதும், “இவங்க பேர்லதானே உனக்கு மாசம் ஆயிரம் ரூபா வருது?” என்றாராம்.

ஆமாம். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். முன்பு அவர் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டத்தைத்தான் அப்படி உயர்கல்விக்கு மாற்றினார்கள். அவர் பெயரில் பணம் வாங்கிய பெண்ணுக்கு அவர் எழுதிய புத்தகம் கிடைக்காமல் இருந்தது. இடையில் நின்றது என் பதிவேடும், 4.30 என்ற என் கடிகாரமும்.

இப்போது என் எக்செல்லில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. நூல், ஆசிரியர், பிரதிகள் என்பதற்குப் பிறகு ‘யார் எடுத்தார்கள்’ என்று. பருவம் முடிந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.