தறி நின்ற தரை

வெள்ளகோவில் வட்டாரத்தில் விசைத்தறி ஓடி ஓய்ந்த கொட்டகையைத் தையல் கூடமாகவோ கிடங்காகவோ மாற்ற எண்ணுகிறவர்கள், கூரையைப் பற்றியும் மின்சாரத்தைப் பற்றியும் தீர்க்கமாக ஆலோசித்துவிட்டு, பல்லாண்டுக் காலம் தறிகளின் அதிர்வைத் தாங்கி மேடும் பள்ளமுமாய்ப் போன தரையைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள்.

அத்தகைய தரையைச் சமப்படுத்தவென்றே ‘செல்ஃப் லெவலிங்’ கலவை வந்திருக்கிறது. சிமெண்டும் நுண்மணலும் பாலிமரும், நீரைக் கூட்டாமலே குழம்பை இளக்கும் ரசாயனமும் சேர்ந்த அப்பொடியைக் குறித்த அளவு நீரில் கரைத்து ஊற்றினால், புவியீர்ப்பின் அநுக்கிரகத்தால் பரவித் தன் மட்டத்தைப் பெரும்பாலும் தானே அடைகிறது; முள் உருளையை ஓட்டிக் காற்றுக் குமிழிகளை விடுவிப்பதே நமக்கு எஞ்சிய கைங்கரியம். இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே என்று ஒரு சொம்பு நீரை அதிகம் சேர்க்கும் தாராள குணம் இங்கே உதவாது. மேற்பரப்பு பலஹீனமாகிப் பொடியாய் உதிரும்.

தறிக்கூடத்திற்கே உரிய விசேஷ சங்கடம் எண்ணெய். தறியிலிருந்து சொட்டிச் சொட்டிச் சிமெண்டுக்குள் ஊறிப்போன அதன்மீது எக்கலவையும் பற்றாது. ஆகையால் கறை படிந்த பகுதியை இயந்திரத்தால் தேய்த்து நீக்கி, போல்ட்டுக் குழிகளைச் சாந்தால் அடைத்து, தூசி துடைத்து, பிரைமர் பூசிய பின்னரே ஊற்றவேண்டும். இந்தப் பூர்வாங்க வேலைக்குக் கூலி கொடுக்கத்தான் பலருக்கு மனம் வருவதில்லை.

குளியலறைக்கும் மொட்டை மாடிக்கும் இக்கலவை ஆகாது. அங்கே நீர் வடிய வாட்டம் வேண்டும். அதற்கு மேஸ்திரியின் மட்டப்பலகையே கதி.