அரிசோனா நினைவாலயம்

ஹொனலூலூ, மார்ச் 9, காலை

கைப்பை எதையும் உள்ளே அனுமதிப்பதில்லை என்று முன்னமே அறிந்திருந்தபடியால், இந்தக் குறிப்புப் புத்தகத்தை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேர்ல் ஹார்பரை அடைந்தேன். 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணியாகச் சில நிமிஷங்கள் இருக்கும்போது, ஆறு விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து இரு அணிகளாகக் கிளம்பிய 350-க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள், யுத்தப் பிரகடனம் எதுவும் வந்து சேருமுன்பே, இத்துறைமுகத்தில் வரிசையாக நின்ற போர்க்கப்பல்களைத் தாக்கின வரலாற்றைக் கரையிலுள்ள காட்சிசாலை விஸ்தாரமாக விளக்குகிறது. அன்று மாண்ட அமெரிக்கர் 2,403 பேர். அவர்களில் 1,177 பேர் அரிசோனா என்ற ஒரே கப்பலைச் சேர்ந்தவர்கள். அட்மிரல் நகுமோ தலைமை தாங்கி வந்த அந்தக் கப்பற்படைதான், நான்கு மாதங்களுக்குப் பின் 1942 ஏப்ரலில், கொழும்பின் மீதும் நம் திருகோணமலையின் மீதும் குண்டு பொழிந்தது என்பதை நினைத்துக்கொண்டபோது, பசிபிக் சமுத்திரத்தின் நடுவே நிகழ்ந்த இத்துக்கம் அந்நியருடையது என்ற எண்ணம் என்னை விட்டு அகன்றது.

பகல்

கடற்படை மாலுமிகள் ஓட்டிய படகில் சென்று இறங்கினோம். சுமார் 40 அடி ஆழத்தில் கிடக்கும் கப்பலின் குறுக்கே, அதன் எந்த அங்கத்தையும் தீண்டாமல், 184 அடி நீளமுள்ள வெண்ணிற மண்டபம் நிற்கிறது. ஆதியில் நேர்ந்த தோல்வியைக் குறித்து நடுவில் தாழ்ந்தும், பின்னர் எய்திய வெற்றியைக் குறித்து இரு முனைகளிலும் நிமிர்ந்தும் அது அமைக்கப்பட்டிருக்கிறது. இதை வகுத்த சிற்பி ஆல்பிரட் பிரைஸ், நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி வியன்னாவிலிருந்து ஹவாய்க்கு வந்து சேர்ந்தவர். தாக்குதல் நடந்தவுடனே, பகைநாட்டார் என்ற சந்தேகத்தின் பேரில், இதே தீவில் காவலில் வைக்கப்பட்டவர். தம்மைச் சிறைவைத்த தேசத்தின் துக்கத்துக்குத் தாமே உருவம் சமைத்துக் கொடுத்த அந்த மனிதருடைய உள்ளத்தை, மண்டபத்தின் அழகைக் காட்டிலும் பெரிதென்று நான் மதிக்கிறேன்.

விளிம்பில் சாய்ந்து கீழே பார்த்தேன். பீரங்கி மேடையொன்றின் வட்டமான அடிப்பாகம் துருவேறி நீருக்கு மேலே தெரிந்தது. அதனருகில் ஒரு துளி எண்ணெய் கீழிருந்து மெல்ல எழும்பி, நீர்மட்டத்தைத் தொட்டதும் விரிந்து, நீலமும் ஊதாவும் பொன்னிறமுமாய் ஒரு படலமாகி நகர்ந்தது. அது மறையுமுன் மற்றொரு துளி எழுந்தது. வெடிமருந்து அறை வெடித்து நிமிஷங்களில் அமிழ்ந்த அந்தக் கப்பலிலிருந்து இன்றளவும் எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கிறது. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரின் சரீரங்கள் இன்னும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

உள்ளறையின் பளிங்குச் சுவரில் பெயர்களை வாசித்துக்கொண்டே போகையில், ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைக் காணக் கண்ணால் முடியவில்லை. அண்ணனும் தம்பியுமாய் ஒரே கப்பலில் ஊழியம் செய்தவர்கள் பலர். தந்தையும் மகனுமாய் மாண்டவர்களும் உண்டு.

இரவு

கண்ணயராமல் இதை எழுதுகிறேன். அன்று உயிர்தப்பிய அரிசோனா மாலுமிகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர், பிற்காலத்தில் முதுமையெய்தி இறக்கும்போது, தங்கள் அஸ்தியைத் தோழர்களுடன் சேர்க்கும்படி கேட்டுக்கொண்டார்கள். முக்குளிப்போர் அந்தக் கலசங்களைப் பக்திசிரத்தையுடன் கப்பலுக்குள் வைத்தார்கள். மனைவி மக்களோடு நெடுங்காலம் வாழ்ந்த பின்னும், இருபது வயதில் உடன் இருந்தவர்களிடமே திரும்பிப் போக வேண்டுமென்று விரும்பிய அவர்களுடைய நட்புக்கு முன்னால் என் சிரம் தாழ்கிறது. கடைசியாக எஞ்சியிருந்த லூ கான்டர் 2024 ஏப்ரலில் தமது 102-ஆம் வயதில் காலமானார். இனி அந்தக் காலையை அரிசோனாவிலிருந்து கண்டவர் ஒருவரும் இல்லை.

ஹொனலூலூவுக்கு வரும் அன்பர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். மண்டபத்தில் தங்கக் கிடைப்பது சொற்ப நேரமே. அதைப் படம் பிடிப்பதில் கழித்துவிடாமல், சுவரிலுள்ள பெயர்களில் சிலவற்றையேனும் நின்று முழுமையாக வாசித்துவிட்டு வாருங்கள்.