கடைசி நேரத்து விமான டிக்கெட்

சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பூக்கடைப் பக்கம் போனால், காலையில் கறாராக விலை சொன்ன அதே பூக்காரம்மா, "எடுத்துட்டுப் போங்கம்மா" என்று பாதி விலைக்குக் கொடுத்துவிடுவாள். விற்காத பூ மறுநாள் வாடிவிடும் அல்லவா? விமான சீட்டும் அப்படித்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். காலியாகப் பறந்துபோன சீட்டை மறுநாள் விற்க முடியாது; ஆகவே கடைசி நேரத்தில் போய் நின்றால் மலிவாகத் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு கணக்கு.

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. நடப்பதோ நேர் எதிர். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மல்லிகை வாங்கப் போனவர்களுக்கு இது சட்டென்று புரியும். அன்றைக்கு வாங்க வருகிறவளுக்குப் பூ கட்டாயம் வேண்டும் என்பது கடைக்காரருக்குத் தெரியும். நாளைக்கே விமானம் ஏறவேண்டும் என்று வருகிறவர் யார்? கம்பெனி வேலையாகப் போகிறவர், இல்லாவிட்டால் பிரசவம், ஆபரேஷன், சாவு என்று ஓடுகிறவர். இவர்கள் எவ்வளவானாலும் கொடுப்பார்கள் என்று விமான நிறுவனத்துக்கும் தெரியும். அதனால்தான் ஒரே விமானத்து சீட்டுகளையே பல விலைப் படிகளாகப் பிரித்து வைத்து, கீழ்ப்படி விற்றுத் தீர்ந்ததும் மேல்படியைத் திறக்கிறார்கள். பக்கத்து சீட்டுக்காரர் 4,000 கொடுத்திருப்பார், நாம் 12,000 கொடுத்திருப்போம். இரண்டு பேருக்கும் அதே தண்ணீர் டம்ளர்தான்!

ஒரு காலத்தில் நாம் நினைக்கிற மாதிரியும் நடந்தது உண்டு. 1977-ல் ஃப்ரெடி லேக்கர் என்ற ஆங்கிலேயர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 'ஸ்கைட்ரெய்ன்' என்று ஒரு விமானம் விட்டார். 59 பவுன்தான் டிக்கெட். முன்பதிவு கிடையாது, வரிசையில் நின்று, இடம் இருந்தால் ஏறிக்கொள்ள வேண்டியதுதான். மற்றக் கம்பெனிகளும் போட்டிக்கு 'ஸ்டாண்ட்பை' என்று மலிவு டிக்கெட் விற்றன. 1982-ல் லேக்கரின் கம்பெனி திவாலாகிவிட்டது. அதற்குப் பிறகு எந்த விமானத்தில் எத்தனை சீட்டு மிஞ்சும் என்று கம்ப்யூட்டரே கணக்குப் போட ஆரம்பித்ததும், அந்த வழக்கம் மெல்ல மறைந்துபோயிற்று. இன்றைக்கு ஸ்டாண்ட்பை என்பது பெரும்பாலும் விமானக் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உள்ள சலுகை. அவர்களும் பெட்டியோடு காத்திருந்து, இடம் இல்லை என்றால் அடுத்த விமானத்தைப் பார்க்க வேண்டியதுதான். நம்மைப் போன்றவர்களுக்கு அந்த வழி இல்லை.

அப்படியானால் அவசரத்துக்குப் போகிற குடும்பத்துப் பெண் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டுமா? இல்லை. போன வருஷம் எனக்கே அப்படி ஒரு அவசரம் வந்தது. அதில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்கும் மும்பைக்கும் பல தலைமுறைத் தொடர்பு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்று எங்கே போனாலும் நம் ஊர்ப் பேச்சு காதில் விழும். என் தங்கையை அங்கேதான் கட்டிக்கொடுத்திருக்கிறது. இரண்டாவது பிரசவம். எங்கள் அம்மா காலமாகிவிட்டார்கள். அவளுக்கு மாமியாரும் இல்லை. தாய் வீடு என்றால் நான்தான். பிரசவத் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் போய் இறங்குகிற மாதிரி ரயில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன்.

35 வாரம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு மாப்பிள்ளை போன் செய்தார். "மதினி, நேத்து ராத்திரியிலேருந்து பி.பி. ஏறிக்கிட்டே போகுது. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மூத்தவளை யார்கிட்ட விடுறதுன்னே தெரியல." பின்னாலிருந்து தங்கையின் குரல், "அக்கா, வந்துருவேல்லா?"

ரயிலில் போனால் ஒன்றரை நாள். ஆகாது. என் மகன் செல்போனை எடுத்து உட்கார்ந்தான். மதுரையிலிருந்து நேர் விமானம் 13,900 ரூபாய். பக்கத்திலேயே இருக்கிற தூத்துக்குடியிலிருந்து சென்னை போய் மாறிப் போனால் 16,400. எங்கள் வீட்டில் இரண்டு மாத மளிகைச் செலவு அது! "பார்க்காதே, போட்டுரு" என்றார் என் கணவர். நான்தான், "ஒரு நிமிஷம் இரு" என்றேன்.

முதலில் நான் கேட்டது விலையை அல்ல, நேரத்தை. ஆபரேஷன் மறுநாள் காலை ஒன்பதுக்கு. அதற்கு முன் நான் அவள் பக்கத்தில் இருக்கவேண்டும். அப்படியானால் அன்றிரவு எத்தனை மணிக்குப் போய் இறங்கினாலும் சரிதான். மத்தியானமே போய்ச் சேர்வதற்காக 6,000, 7,000 கூடக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. "ராத்திரி விமானமாப் பாரு. நம்ம ஊரைச் சுத்தி வேற எங்கேயிருந்து கிளம்புதுன்னும் பாரு" என்றேன். திருவனந்தபுரத்திலிருந்து இரவு எட்டரைக்கு ஒரு விமானம், 7,180 ரூபாய்! திருநெல்வேலிக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் ஒன்றும் தூர தேசம் இல்லையே. மதுரைக்குப் போகிற நேரத்தை விடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

இன்னொரு வழியும் வந்தது. தூத்துக்குடி-சென்னை ஒரு கம்பெனியிலும், சென்னை-மும்பை வேறு கம்பெனியிலும் தனித்தனியாக எடுத்தால் 6,500 என்றான் மகன். நடுவில் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. தனித்தனி டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனி பொறுப்பேற்காது. அந்தப் பணம் போனதுதான். ஒரே டிக்கெட்டாக எடுத்தால்தான் அவர்கள் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். 680 ரூபாய்க்காக அந்த இரவைப் பணயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. வேண்டாம் என்றுவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு பஸ் ஏறினேன். நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம். இரவு பதினொரு மணிக்கு மும்பையில் இறங்கி, நேரே ஆஸ்பத்திரி. தூங்காமல் இருந்தாள். "வந்துட்டியாக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டவள், அதற்குப் பிறகுதான் கண்ணை மூடினாள். மறுநாள் ஆண் குழந்தை. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நான்கு நாள் இன்குபேட்டரில் வைத்திருந்தார்கள். டிக்கெட்டில் மிச்சம் பிடித்த ஆறாயிரத்துச் சொச்சத்தை மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். அந்தச் சமயத்தில் அது எவ்வளவு உதவியாக இருந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும்.

சகோதரிகளே, பரபரப்பில் மூளை வேலை செய்யாது. ஆகையால் இந்த விஷயங்களை இப்போதே மனதில் போட்டு வையுங்கள்.

எத்தனை மணிக்குள் போய்ச் சேரவேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குள் வருகிற அத்தனை விமானத்தையும் பாருங்கள். அதிகாலையிலும் பின்னிரவிலும் புறப்படுகிறவை பெரும்பாலும் மலிவாக இருக்கும். நான்கு மணி நேர பஸ் தூரத்தில் உள்ள எல்லா விமான நிலையங்களையும் பாருங்கள். சேலத்துக்காரர்களுக்குக் கோவையும் பெங்களூரும் உண்டு. தஞ்சாவூர்க்காரர்களுக்குத் திருச்சியும் மதுரையும் உண்டு. இறங்குகிற இடத்திலும் அப்படியே. மும்பைக்கு 2025 டிசம்பரிலிருந்து நவி மும்பையில் இன்னொரு விமான நிலையமும் இருக்கிறது. ஆனால் நடு இரவில் இறங்கி டாக்ஸிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தால் மிச்சம் ஏது? பஸ், ஆட்டோ எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

நான்கு பேர் போவதாக இருந்தால், நான்கு பேருக்கும் சேர்த்துத் தேடிப் பார்த்துவிட்டு, ஒருவருக்கு மட்டும் எவ்வளவு என்றும் பாருங்கள். கீழ்ப்படி விலையில் இரண்டு சீட்டுதான் மிச்சம் இருந்தால், நான்கு பேரையும் சேர்த்துக் கேட்கும்போது எல்லோருக்கும் மேல்படி விலையைக் காட்டிவிடும். இரண்டு இரண்டாக எடுத்தால் இரண்டு பேருக்காவது பணம் குறையும்.

டிக்கெட் விற்கிற ஆப்களில் விலையை ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அந்த விமானக் கம்பெனியின் சொந்தப் பக்கத்திலும் பாருங்கள். கடைசிப் படியில் 'கன்வீனியன்ஸ் ஃபீ' என்று தலைக்கு நூற்றுக்கணக்கில் ஏறும். சீட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் இடத்தில் பணம் கட்டாமல் தாண்டிப் போகலாம். செக்-இன் செய்யும்போது அவர்களே ஒன்று கொடுப்பார்கள். மூத்த குடிமக்கள், மாணவர்கள், ராணுவத்தார் ஆகியோருக்குச் சில கம்பெனிகளில் சலுகை உண்டு. அதற்குரிய அட்டை கையில் இருக்கவேண்டும்.

திரும்பி வருகிற டிக்கெட்டைப் பதற்றத்தோடு சேர்த்து எடுத்துவிடாதீர்கள். நம் நாட்டுக்குள் போக ஒரு டிக்கெட், வர ஒரு டிக்கெட் என்று தனித்தனியாகத்தான் விலை. நான் நிதானமாக ஒரு மாதம் முன்னதாக, ஒரு செவ்வாய்க்கிழமைக்கு எடுத்தேன். 4,300 ரூபாய்தான் ஆயிற்று.

அடுத்தது மூட்டை. பல டிக்கெட்டுகளில் கையில் 7 கிலோ, உள்ளே போடுகிற பெட்டிக்கு 15 கிலோ என்று இருக்கும். பெட்டியே இல்லாத டிக்கெட் என்று இன்னும் கொஞ்சம் குறைத்தும் விற்கிறார்கள். நான் கைப்பையோடுதான் போனேன். குழந்தைக்குப் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்தது, சுக்கு, பூண்டு, இரண்டு புடவை. நெய், எண்ணெய் பாட்டில், ஊறுகாய் எல்லாம் கைப்பையில் இருந்தால் சோதனையில் நிறுத்திவிடக்கூடும். கொப்பரைத் தேங்காய் தீப்பிடிக்கிற பொருள் என்று பெட்டியிலும் விடமாட்டார்கள். பவர் பேங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்கவேண்டும். உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடுவார்கள். அதற்குத் தகுந்தாற்போல் பஸ் ஏறுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம்; தனி சீட்டு இல்லை, கட்டணமும் குறைவு. ஆனால் வயதுக்கு அத்தாட்சியாகப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். குழந்தை விழுங்க விழுங்கக் காது அடைப்பு விடும், அழாது. கர்ப்பிணிகள் 28 வாரம் தாண்டிவிட்டால் டாக்டர் சர்டிபிகேட் கேட்பார்கள். 36 வாரத்துக்கு மேல் பொதுவாக ஏற்றுவதில்லை. போகலாமா, கூடாதா என்பதை உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நமக்கு உள்ள உரிமையும் தெரிந்திருக்கட்டும். கையில் உறுதியான டிக்கெட் இருந்து, நேரத்துக்குப் போயும், 'ஆள் நிறைந்துவிட்டது' என்று நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானம் தரவேண்டும். தவறினால் 24 மணி நேரத்துக்குள் தரும் விமானத்துக்கு 10,000 ரூபாய் வரையிலும், அதற்கும் மேலே போனால் 20,000 ரூபாய் வரையிலும் நஷ்ட ஈடு என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியில் இருக்கிறது. நாமாக ரத்து செய்தால், 'பணம் திரும்ப வராது' என்கிற டிக்கெட்டிலும் அரசாங்க வரியும் விமான நிலையக் கட்டணமும் திரும்ப வரவேண்டும். கேட்டு வாங்குங்கள். ஆனால் அதற்காகக் கூகுளில் கண்ட நம்பரைப் பிடித்துப் பேசி, ஓ.டி.பி. சொல்லிவிடாதீர்கள். டிக்கெட்டிலேயே இருக்கிற நம்பரில்தான் பேசவேண்டும்.

கடைசியாக, எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். அஞ்சறைப் பெட்டி இருக்கிற அலமாரியில் ஒரு நோட்டு. அதில் வீட்டில் உள்ள ஒவ்வொருவர் பெயரும் ஆதாரில் உள்ளபடியே, இனிஷியலை விரித்து, பிறந்த தேதியோடு எழுதியிருக்கிறது. டிக்கெட்டில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்றால் வாசலிலேயே தகராறுதான். நோட்டுக்குள் ஒரு கவர். மாதம் 500 ரூபாய் அதில் போட்டு வருகிறேன். பட்டுப் புடவைக்கும் எடுப்பதில்லை, பண்டிகைக்கும் எடுப்பதில்லை.

மகள் ஒரு ஊரில், தம்பி ஒரு ஊரில், வயதானவர்கள் ஒரு ஊரில் என்று குடும்பம் சிதறிக் கிடக்கிற காலம் இது. "வந்துருவேல்லா?" என்று யாராவது ஒருநாள் கேட்பார்கள். "வந்துட்டேன்" என்று யோசிக்காமல் சொல்வதற்கு, அந்தக் கவரில் கொஞ்சம் பணமும், மனதில் கொஞ்சம் நிதானமும் இருந்தால் போதும்.