உப்புக் குறைத்த பங்குனி

திங்கள்

டாக்டர் மாத்திரைச் சீட்டை எழுதிவிட்டுப் பேனாவை மூடாமலே கேட்டார்: "வீட்ல சமையல் யாரும்மா?" நான்தான் என்றேன். "அப்ப நல்லதாப் போச்சு, யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டாம்" என்றார். ரத்த அழுத்தம் 164க்கு 98. நாளைக்கு ஒரு மாத்திரை, காலையில். உப்பு 5 கிராமுக்கு மேல் கூடாது. உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே போட்டிருக்கும் கோடு அதுதானாம். அழுத்தக்காரர்கள் தாண்டவே கூடாது. தலைதட்டின ஒரு டீஸ்பூன். "சாம்பார்ல போடுறதை மட்டும் எண்ணாதீங்க, எல்லாம் சேர்த்துத்தான்" என்று வாசல்வரை வந்து சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். வேதியியல் வாத்தியார் வேலை பார்த்த கை சும்மா இருக்காது. சோடியம் 23, குளோரின் 35.5, உப்பின் எடையில் 39 சதவீதம் சோடியம். 5 கிராம் உப்பில் சுமார் 2 கிராம். இது புத்தகக் கணக்கு. வீட்டுக் கணக்குதான் வயிற்றைக் கலக்கியது. அத்தை, அவர், நான், மூன்று பேருக்கு மாதம் ஒரு கிலோ பாக்கெட் தீர்கிறது. ஆளுக்கு நாளொன்றுக்கு 11 கிராம். மீன் கழுவினது, காலிஃப்ளவரை உப்புத் தண்ணீரில் போட்டது எல்லாம் கழித்தாலும் 9க்குக் கீழே வராது. ஊறுகாயும் அப்பளமும் கடைப் பலகாரமும் இந்தப் பாக்கெட்டில் சேர்த்தியே இல்லை.

"அப்ப இனிமே எல்லாருக்கும் உப்பில்லாமயா?" என்றார் அவர். உங்களுக்கு எப்பவும் போலத்தான் என்றேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. உப்பு ஜாடியை எடுத்துத் தன் பக்கமாக நகர்த்தி வைத்துக்கொண்டார்.

செவ்வாய்

காலையிலேயே தெரிந்துவிட்டது, எதிரி டிபன்தான். இட்லியில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, பொடியில் உப்பு. ஒரே தட்டில் நாலு இடம். மூன்று இட்லி தின்று எழுந்தபோது அன்றைய பங்கில் பாதி போயிருக்கும்.

மத்தியானம் பரவாயில்லை. வடித்த சோற்றில் உப்பு கிடையாது. இத்தனை வருஷம் வடித்தும் அதை நான் ஒரு பொருட்டாக எண்ணியதில்லை. அந்த வெறுஞ்சோற்றுக்கும் சேர்த்துத்தான் குழம்பில் உப்பு உறைப்பைத் தூக்கிப் போடுகிறோம். குழம்பை அரைக்கரண்டியாகக் குறைத்து, உப்புப் போடாத கூட்டையும் பொரியலையும் கூட்டிக்கொண்டால் மதியச் சாப்பாடு வழிக்கு வரும். சோற்றையும் சேர்த்துக் கூட்டினால் அடுத்த தடவை சர்க்கரைக்குச் சீட்டு எழுதுவார்.

அரிசியை வைத்தே அழுத்தத்தைக் குறைத்த ஒருவர் இருந்தார். வால்டர் கெம்ப்னர், ஜெர்மனியிலிருந்து போய் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த டாக்டர். 1940களில், அழுத்தத்துக்கு உருப்படியான மாத்திரையே இல்லாத காலத்தில், நோயாளிகளுக்கு அவர் கொடுத்தது உப்பில்லாத சோறு, பழம், பழச்சாறு, சர்க்கரை. அவ்வளவுதான். ஒரு பெண்ணை இரண்டு வாரம் அப்படிச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னாராம். அவருடைய ஜெர்மன் உச்சரிப்பில் அந்தம்மாள் காதில் இரண்டு மாதம் என்று விழுந்திருக்கிறது. இரண்டு மாதமும் விடாமல் சாப்பிட்டு வந்து நின்றபோது அழுத்தம் வெகுவாக இறங்கி, கண்ணுக்குள் இருந்த ரத்தக்கசிவும் வற்றியிருந்ததாம். எனக்கு இரண்டாம் வேளையே பெரும்பாடாக இருக்கிறது.

புதன்

பாகற்காய் வறுவல் செய்திருக்க வேண்டாம். உப்பில்லாமல் என் பங்கை முதலில் எடுத்தேன். வழக்கமான கசப்பு என்றால் எனக்குப் பிடிக்கும், இது வேறு. தொண்டைவரை இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. ராத்திரி வெந்தயக் குழம்பிலும் அதே கதை.

காரணம் உண்டு. சோடியம் நாக்கில் கசப்பை அமுக்கி வைக்கும். உப்பை எடுத்தால் உப்புச் சுவை போவதோடு காரியம் முடியாது, அதுவரை அமுங்கிக் கிடந்த கசப்பெல்லாம் தலை தூக்கும். முதல் வாரத்தில் பாதிப் பேர் விட்டுவிடுவது இதனால்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. சப்பென்று இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், கசப்பதை எப்படி? ஆகையால் இப்போதைக்குப் பாகல், சுண்டை, முற்றின கத்தரி, வெந்தயக்கீரை எல்லாம் விலக்கு. தானாகவே இனிக்கிற காய்தான் சரி: பரங்கி, கேரட், பீட்ரூட், பிஞ்சு அவரை. இன்றைக்கு மிச்சமிருந்த பரங்கிக் கீற்றைத் துண்டு போட்டு, கடுகு, மிளகாய் வற்றல் தாளித்து, தேங்காய் தூவி, இறக்கும்போது அரை மூடி எலுமிச்சை பிழிந்தேன். உப்பு ஞாபகமே வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கிண்ணம் காலி.

வியாழன்

பக்கத்து வீட்டு அக்கா விஷயம் கேள்விப்பட்டு வந்துவிட்டார். "உப்பைக் குறைக்காதே கண்ணு. எங்க மாமியாருக்குச் சோடியம் இறங்கி, பேரனையே யாருன்னு கேட்டாங்க. நாலு நாள் ஐசியூ." தெருவில் வீட்டுக்கு ஒரு சோடியம் இறங்கின கதை இருக்கிறது. டாக்டருக்குப் போன் போட்டேன். வயசானவர்களுக்கு அப்படி ஆவது பெரும்பாலும் நீர் பிரிகிற மாத்திரையாலும் வேறு சில மருந்துகளாலும், வாந்தி பேதியாலும், அளவில்லாமல் தண்ணீர் குடிப்பதாலும்தான். 5 கிராம் உப்பு உடம்பின் தேவையை விட எவ்வளவோ மேல் என்றார். எனக்கு எழுதியது நீர் பிரிகிற மாத்திரை இல்லை. எதற்கும் ரத்தத்தில் உப்புகளைப் பார்த்துவிடலாம் என்று அவரே சொன்னதால் அக்காவுக்கும் திருப்தி.

எனக்குத் திருப்தியில்லாத விஷயம் ஒன்று உண்டு. அவர்களுக்கான சாம்பாரை ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டேன். கைக்கணக்கு பிசகாது என்று நினைத்தேன். அவர் ஒரு வாய் எடுத்துவிட்டு, எழுந்து போய்த் தானே தயிர் போட்டுக்கொண்டு வந்தார். "கரிக்குதா?" "ம்ம்... உன் பங்கையும் எங்களுக்கே போட்டுட்டே போலிருக்கு."

வெள்ளி

ரசம் வெந்நீர் மாதிரி இருந்தது. எழுத வேறொன்றும் இல்லை.

சனி

உப்பிலியப்பன் கோயிலுக்குப் போனோம். கும்பகோணத்தில் இருந்துகொண்டு, இந்த வாரத்தில் அங்கே போகாமல் இருக்க முடியுமா? அத்தையின் யோசனைதான். திருநாகேஸ்வரம், பஸ்ஸில் சீக்கிரமே வந்துவிடும். நூற்றெட்டுத் திருப்பதிகளில் ஒன்று. நைவேத்தியம் எதிலும் உப்பில்லை, கோயிலுக்குள் உப்புப் பண்டம் கொண்டுபோகவும் கூடாது. மார்க்கண்டேயர் மகளைப் பெருமாள் பெண் கேட்டு வந்தபோது, சமையலில் உப்புப் போடக்கூடத் தெரியாத சின்னப் பெண் என்று அவர் தயங்க, அப்படியானால் உப்பில்லாமலே சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று பெருமாள் சொன்னதாகக் கதை. மாப்பிள்ளைகளில் இப்படியும் ஒருவர் இருந்திருக்கிறார் என்று அவர் காதில் படும்படி சொன்னேன்.

பிரசாதக் கடையில் புளியோதரை வாங்கி மண்டபத்துத் தூணோரம் உட்கார்ந்தோம். கோயிலுக்குள் சாப்பிட்டால் உப்பில்லாதது தெரியாது என்பார்கள். பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை, நான் கவனித்தது மடைப்பள்ளியின் சாமர்த்தியத்தை. புளி நன்றாகக் காய்ச்சி இறுகியிருக்கிறது. நல்லெண்ணெய் விரலில் ஒட்டுகிற அளவுக்கு. வறுத்துப் பொடித்த வாசனை முதலில் மூக்கைப் பிடித்துக்கொள்கிறது; புளிப்பு நாக்கின் இரு ஓரத்தையும் இழுக்கிறது. உப்பு இருந்தால் நிற்கும் இடத்தில் வேறு ஆட்கள் நிற்கிறார்கள். அத்தை ஒரு பொட்டலம் கூடுதலாக வாங்கச் சொன்னார். எனக்கு என்றுதான் நினைத்தேன். ராத்திரி அவரே சாப்பிட்டார்.

ஞாயிறு

மாவடு வந்துவிட்டது. எந்த வாரம் வந்திருக்கக் கூடாதோ அந்த வாரம். கூடத்தில் பழைய வேட்டியை விரித்து வடுவைக் கொட்டி, அடிபட்டதைப் பொறுக்கித் தள்ளி, காம்பைக் கொஞ்சம் விட்டுக் கிள்ளி, விளக்கெண்ணெய் தடவிப் புரட்டினோம். எட்டுப் படி வடுவுக்கு ஒரு படி கல்லுப்பு என்பது அத்தையின் கணக்கு. மிளகாய்த்தூள், கடுகுப்பொடி, மஞ்சள். ஜாடியில் ஒரு கை வடு, ஒரு கை உப்பு. நாளைக்கே வடுவிலிருந்து தண்ணீர் விட ஆரம்பிக்கும், நாள் போகப் போகத் தோல் சுருங்கும். சவ்வூடு பரவலுக்கு இதைவிட நல்ல உதாரணம் பாடப்புத்தகத்தில் இல்லை. வகுப்புக்கு ஒரு ஜாடி எடுத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். பாதி ஜாடி திரும்பி வராது.

"உனக்கு ஒண்ணே ஒண்ணு, கழுவித் தரேன்" என்றார் அத்தை. கழுவினால் மேலே உள்ள உப்புதான் போகும், உள்ளே போனது போகாது என்றேன். "வாத்தியாரம்மாகிட்டப் பேச முடியாது" என்று ஜாடிக்கு வேடு கட்டினார்.

அடுத்த செவ்வாய்

அவருடைய ஆபீஸ் நண்பர்கள் மூலமாக இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. ஒன்று இந்துப்பு. அது நல்லது, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாமாம். இளஞ்சிவப்பாக இருந்தாலும் பெரும்பங்கு அதே சோடியம் குளோரைடுதான், சேர்க்கப்பட்ட அயோடினும் இல்லை. கிலோவுக்குக் கொடுக்கிற விலை நிறத்துக்கு.

இன்னொன்று சோடியம் குறைத்த உப்பு. அதில் விஷயம் இருக்கிறது. கொஞ்சம் சோடியம் குளோரைடை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்தது. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைப் பயன்படுத்தியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்திருந்தது. சின்ன எண் இல்லை. ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் ஏறும், இதயத் துடிப்பையே பாதிக்கும். அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்தி வைக்கும். என் மாத்திரை அந்த வகைதான். ரத்தப் பரிசோதனை முடிவு வராமல் அந்தப் பாக்கெட்டை உடைக்க மாட்டேன்.

அலமாரியைத் துழாவியதில் உப்பென்று பெயர் போடாத சோடியம் நிறைய: அப்பளத்தில் காரம், ஆப்பத்துக்கு ஆப்பசோடா, நூடுல்ஸ் மசாலா. இனிப்பு பிஸ்கட்டில்கூட உப்பு. பிஸ்கட்டை நிறுத்தியதில் வருத்தமில்லை.

வெள்ளி

ஒரு தந்திரம் கைக்கு வந்திருக்கிறது. என் பங்கைச் சமைக்கும்போது உப்பே போடுவதில்லை. காலையில் அன்றைய பங்கைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் அளந்து வைத்துக்கொள்கிறேன். 5 கிராம் இல்லை, 3. மாவு, மோர் என்று தெரியாமல் போகிறதற்கு மிச்சம். சாப்பிடும்போது பொரியலின் மேலே ஒரு சிட்டிகை தூவினால் போதும், நாக்கு முதலில் தொடுவது அதைத்தான். காய்க்குள் கரைந்துபோன உப்பு பாதி நாக்குக்குத் தெரியாமலே வயிற்றுக்குப் போய்விடும். சாப்பாட்டு மேசையில் உப்பு வைக்காதீர்கள் என்று அறிவுரைத் தாள்களில் எல்லாம் போட்டிருக்கிறது. அளந்து வைக்கிறவளுக்கு அது பொருந்தாது என்பது என் கட்சி.

இட்லி மாவிலும் உப்புப் போடுவதற்கு முன்பே என் பங்கைத் தனிக் கிண்ணத்தில் எடுத்துவிடுகிறேன். உப்பில்லாத மாவு சீக்கிரம் பொங்கிப் புளித்துவிடுகிறது, இந்த வெயிலுக்கு உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். அந்தக் கூடுதல் புளிப்பு எனக்கு லாபம்.

நாக்கு எப்போது பழகும்? ஃபிலடெல்ஃபியாவில் மோனெல் மையத்துக்காரர்கள் 1982இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதம் சோடியத்தைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு அவர்கள் விரும்புகிற உப்பின் அளவே இறங்கியிருந்தது. வாரங்களில் இல்லை, மாதங்களில். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் வெள்ளிக்கிழமை ரசத்தின் மேல் அத்தனை கோபப்பட்டிருக்க மாட்டேன்.

புதன்

146க்கு 90. சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் எல்லாம் சரி. இது மாத்திரையா, உப்பா என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும் பாதிப்பாதி பேர் குடுங்க, சண்டை வராது" என்றார் டாக்டர். மாத்திரையைக் குறைக்கிற பேச்சே எடுக்கவில்லை.

தீராத விவகாரம் இட்லிப்பொடி ஒன்றுதான். உப்பைக் குறைத்தால் அது பொடியாக இல்லை, வெறும் மிளகாய்த்தூளாக நிற்கிறது. எள்ளைக் கூட்டி, புளியைக் கொட்டை நீக்கி மொறுமொறுவென்று வறுத்துச் சேர்த்து, பெருங்காயம் இன்னும் ஒரு கட்டி போட்டுப் பார்க்கலாம் என்கிறார் அத்தை. மிளகாயை முற்றத்தில் காயப் போட்டிருக்கிறார். காரம் முன்னே நின்றால் நல்லெண்ணெய் இரண்டு மடங்கு ஊற்றச் சொல்லுவார். அந்தக் கணக்கைப் பார்க்க வேறு டாக்டர் வேண்டும்.