ஒரு ஞாயிறும் ஒரு செவ்வாயும்

திரைப்படம் பார்க்கப் போன கதையை ஒரு குடும்ப இதழில் எழுதுவதா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிப்பவர்களில் முதல்வர் என் தாயார்தாம். ஆகவே, அவரையும் கூட வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன்.

நான் ஊரப்பாக்கத்தில் குடியிருப்பவன். ஒரகடத்தில், ஜப்பானியர் தொடர்புடைய ஒரு தொழிற்கூடத்தின் கணக்குப் பிரிவில் வேலை. விடியலில் கம்பெனிப் பேருந்து ஏறினால் இரவில்தான் வீடு. வாரத்தில் ஞாயிறு ஒன்றே எனக்குச் சொந்தமான நாள். தஞ்சை மாவட்டத்துக் கிராமத்திலிருந்து என் தாயார் பத்து நாள் தங்கிப் போகலாம் என்று வந்திருந்த சமயம் அது. வந்த அன்றே மாடியில் நின்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "பட்டணத்துல வீடு வாங்கியிருக்கேன்னு சொன்னியே தம்பி, இது நம்ம ஊரை விடப் பெரிய பட்டிக்காடால்ல இருக்கு?" என்றார். மெட்ராஸ் என்றால் கடற்கரையும் உயர்ந்த கட்டடங்களும் என்று எண்ணி வந்தவருக்கு, இரயில் பாதையும் ஏரிக்கரையும் பாதி கட்டிய வீடுகளுமே கண்ணில் பட்டன.

அவர் தங்கியிருந்த நாட்களில் வந்தது ஒரே ஞாயிறு. அந்த ஞாயிறன்று நகரில் ஜப்பானியத் திரைப்பட விழா என்று அலுவலக நண்பர் ஒருவர் முன்பே சொல்லியிருந்தார். அனுமதி இலவசம். பத்து ஆண்டுகளாக ஜப்பானியர்களோடு வேலை பார்த்தும், அவர்கள் குனிந்து வணங்கும் முறையைத் தவிர வேறெதையும் நான் அறிந்ததில்லை. போக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

சனிக்கிழமை இரவு உணவின்போது தாயாரிடம் விஷயத்தைச் சொன்னேன். "சப்பான்காரன் படமா?" என்றார். கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

அந்தச் சொல்லின் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. நம் வாசகர் பலரின் வீட்டிலும் அது இருக்கும். என் தாயாரின் தந்தை, எங்கள் நன்னா, மலாயாவுக்குச் சென்ற சபுராளி. அங்கே ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதினார். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. அதன்பின் மூன்றரை ஆண்டுகள், கடல் கடந்து சென்றவர்களிடமிருந்து ஊருக்குக் கடிதமும் இல்லை, பணமும் இல்லை. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட ஜப்பானியர் பிடித்துச் சென்ற தோட்டத் தொழிலாளர்களில் பல்லாயிரவர் தமிழர். காலராவாலும் பசியாலும் காட்டிலேயே மடிந்தவர்களுக்குக் கணக்கில்லை. நன்னா அந்தப் பாதைக்குப் போகாமல் தப்பியது இறைவனின் அருள் என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள். நன்னியோ, கணவர் உயிரோடு இருக்கிறாரா, தாம் இத்தா இருக்க வேண்டுமா என்பது கூடத் தெரியாமல் அந்த ஆண்டுகளைக் கழித்திருக்கிறார். சண்டை முடிந்து 1946இல் நன்னா திரும்பினார். அவர் கொண்டு வந்த சேமிப்பு, வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டுக் கட்டு ஒன்று. அது செல்லாக் காசு. மறு ஆண்டு என் தாயார் பிறந்தார். அந்தக் கட்டில் ஒரு நோட்டு அவருடைய தகரப் பெட்டியில் இன்னும் கிடக்கிறது.

"போயிட்டு வா, உனக்கு லீவு நாளு" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லை அனுமதியாக எடுத்துக் கொண்டேன். நமக்குச் சாதகமானதை நாம் அப்படித்தானே எடுத்துக் கொள்கிறோம்!

காலை மின்சார இரயிலில் மாம்பலம் சென்று, அங்கிருந்து ஆட்டோவில் அரங்கை அடைந்தேன். சென்னையில் இத்தகைய விழாக்களுக்கென்றே ஒரு கூட்டம் உண்டு. இண்டோ சினி அப்ரிசியேஷன் பவுண்டேஷன் என்னும் அமைப்பு 2003 முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா நடத்தி வருவதால், அயல்மொழிப் படம் பார்ப்பது பலருக்கு நோன்பு போல ஒரு வழக்கமாகிவிட்டது. ஓய்வு பெற்ற பெரியவர்கள், தோளில் துணிப்பை மாட்டிய மாணவர்கள், ஜப்பானிய மொழி பயிலும் இளம்பெண்கள். நானும் அவர்களுக்கிடையே ஓர் ஓரத்தில் அமர்ந்தேன்.

முதற்படம் அகிரா குரோசவா 1952இல் எடுத்த 'இகிரு'. 'வாழ்தல்' என்பது பெயரின் பொருள். நகராட்சி அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளாக ஒரு நாளும் விடுப்பெடுக்காமல் முத்திரை குத்தி வந்த ஒரு தலைமை எழுத்தருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிய வருகிறது. அதை மகனிடம் சொல்லப் போகிறார்; மகனுக்கோ தந்தையின் சேமிப்பு மீதே கண். சாக்கடை நீர் தேங்கிய ஓர் இடத்தைச் சரி செய்து தரும்படி ஏழைப் பெண்கள் மனுக் கொண்டு வருவதும், ஒவ்வொரு சாளரமும் அவர்களை அடுத்த சாளரத்துக்கு அனுப்புவதுமான காட்சியில் அரங்கமே சிரித்தது. நம் தாலுகா அலுவலகம் பார்த்தவர்களுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. எஞ்சிய நாட்களில் அவர் அந்த இடத்தைக் குழந்தைகள் விளையாடும் பூங்காவாக்கிவிட்டுச் சாகிறார்.

இடைவேளையில் லுஹர் தொழுதுவிட்டு வந்து, வீட்டில் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றை உண்டேன். மாலையில் 'ரஷோமோன்' என்று அறிவிப்புப் பலகையில் இருந்தது. 1951இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்கம் வென்று ஜப்பானியத் திரைக்கலையை உலகறியச் செய்த படம் அது. ஒரே கொலையைப் பலர் பலவிதமாகச் சொல்லும் அதன் உத்தியைத் தமிழில் கையாண்டது, வீணை எஸ். பாலசந்தர் 1954இல் இயக்கிய 'அந்த நாள்'. அந்தக் கதை தொடங்குவதே 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட இரவையொட்டித்தான் என்பது எனக்கு வியப்பளித்தது. உத்தியும் அவர்களுடையது, குண்டும் அவர்களுடையது!

ஆனால், மாலைப் படத்துக்கு நான் இருக்கவில்லை. பிற்பகலில் காட்டிய 'டோக்கியோ கதை' என்னை எழுப்பி அனுப்பிவிட்டது.

யசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த படம் இது. அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமா மாவட்டத்தின் ஒனோமிச்சி என்னும் சிறு துறைமுக ஊரிலிருந்து, வயதான தம்பதியர் தம் மக்களைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். மூத்த மகன் மருத்துவர். அவர் வீடு நகரின் நடுவே இருக்கும் என்று எண்ணி வந்தவர்கள், அது புறநகர் ஓரம் என்று கண்டு சற்று ஏமாறுகிறார்கள். எனக்கு மாடியும் என் தாயாரும் நினைவுக்கு வந்தார்கள். ஞாயிறன்று ஊரைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி, எல்லாரும் உடுத்திக் கிளம்பும் வேளையில், நோயாளி ஒருவருக்கு அவசரம் என்று அழைப்பு வருகிறது. புறப்பாடு நின்று போகிறது. மகள் சிகையலங்காரக் கடை நடத்துபவள்; அவளுக்கும் நேரமில்லை. பெற்றோரை வைத்துச் சமாளிக்க முடியாமல், காசு போட்டு வெந்நீரூற்று விடுதி ஒன்றுக்கு அனுப்பி விடுகிறார்கள். அங்கே இரவெல்லாம் கூச்சல், கிழவர்களுக்கு உறக்கமில்லை.

யாரும் யாரையும் திட்டவில்லை. யாரும் கொடியவரும் இல்லை. என்னைக் கலக்கியது அதுதான். அந்த மகனும் மகளும் கெட்டவர்களாக இருந்திருந்தால், நான் நிம்மதியாகப் பார்த்துவிட்டு வந்திருப்பேன்.

ஒரே ஒருத்திதான் அவர்களுக்காக அலுவலகத்தில் விடுப்புக் கேட்டு வாங்குகிறாள். அவள் மகளல்ல, போரில் இறந்த இரண்டாம் மகனின் மனைவி. ஒற்றை அறையில் வாழ்பவள், மாமன் மாமியைச் சுற்றுலாப் பேருந்தில் ஏற்றி ஊரைக் காட்டுகிறாள். பக்கத்து வீட்டில் கடன் வாங்கி உபசரிக்கிறாள். எட்டு ஆண்டு கடந்துவிட்டது, நீ வேறு மணம் செய்து கொள் அம்மா என்று மாமியார் அவளிடம் மன்றாடுகிறார். ஊர் திரும்பும் வழியிலேயே மாமியார் நோயுற்று, வீடு சேர்ந்து இறந்து போகிறார். அடக்கம் முடிந்த கையோடு, தாயின் இன்ன உடை எனக்கு வேண்டும் என்று மகள் கேட்கிறாள்!

ஓசு படப்பெட்டியைத் தரையோடு தாழ்த்தி வைத்தே எடுப்பாராம். பாயில் அமர்ந்து சஹனில் கூடி உண்டு பழகிய நமக்கு அந்த உயரம் அந்நியமாகத் தெரியவில்லை. எழுபது வயதுக் கிழவராக வரும் ரியூ என்ற நடிகருக்கு அப்போது நாற்பத்தொன்பதே வயது என்று பின்னர் படித்தபோது நம்ப முடியவில்லை. என் வயதும் அதுதான்.

மாம்பலத்தில் செங்கல்பட்டு வண்டி ஏறி அஸர் கடந்த வேளையில் வீடு சேர்ந்தேன். தாயார் வாசற்படியில் அமர்ந்து கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். "ராத்திரி ஆகும்னியே?" என்றார். எதிரில் அமர்ந்து, கேளாமலேயே கதையைச் சொல்லத் தொடங்கினேன். கீரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார். மருமகளின் கணவர் போரில் இறந்த செய்தி வந்ததும் கை நின்றது.

"அந்தப் பிள்ளை எந்தச் சண்டையில மவுத்தானான்?"

"அதே சண்டைதான், அம்மா."

வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அத்தா திரும்பி வந்தாக. அந்தப் பொம்பளைக்கு மகன் வரலே" என்றார். சற்றுப் பொறுத்து, "அந்த மருமவளுக்கு மறுமணம் பண்ணி வெச்சாங்களா இல்லையா?" என்று கேட்டார். படம் அதைக் காட்டவில்லை என்றேன். "அதைக் காட்டாம என்ன படம் எடுத்தான்?" என்று சலித்துக் கொண்டார். ஓசுவைப் புகழும் உலகத்து விமர்சகர் எவரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வண்டலூர் உயிரியல் பூங்காவைக் காட்டலாம் என்று அழைத்துச் சென்றால், செவ்வாய் அதற்கு வார விடுமுறை! இத்தனை ஆண்டு அருகில் குடியிருந்தும் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பூட்டிய வாயிலின் முன் நான் தலைகுனிந்து நிற்க, தாயார் சிரித்துவிட்டார். "அந்தப் புதுப் பஸ் ஸ்டாண்டைக் காட்டு, ஊர்ல எல்லாரும் அதைத்தான் பேசுறாக" என்றார்.

கிளாம்பாக்கத்துக்குப் போனோம். 2023 டிசம்பர் 30ஆம் நாள் திறந்த நிலையம் அது. அவர் ஒவ்வொரு நடைமேடையாகப் பார்த்தார். தேநீர் குடித்தோம். கும்பகோணம் வண்டி நிற்கும் இடத்துக்கு எதிரே ஓர் இருக்கையைத் தேர்ந்து அமர்ந்து, ஏறுவோரையும் இறங்குவோரையும் இரண்டு மணி நேரம் பார்த்துக் கொண்டிருந்தார். நானும் கைபேசியை எடுக்காமல் அருகே இருந்தேன்.

வீடு திரும்பியதும் என் மனைவி, "என்ன மாமி பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

"எல்லா ஊருக்கும் வண்டி நிக்குது. நம்ம ஊரு வண்டியும் நின்னுச்சு" என்றார்.